காடைக் கருவின் இதயத்தைத் துடிக்க வைத்தது ஒளியா, வெப்பமா?

நிறமாலை:
"ஒளியால் இதயத்துடிப்பை ஆள வேண்டுமானால் பாசியின் மரபணுவை விலங்கின் இதயத்துக்குள் புகுத்தியே தீர வேண்டும், அது இல்லாவிட்டால் ஒளிக்கும் இதயத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று பாசிநேயன் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். தவறானதை இவ்வளவு உறுதியாக எழுதுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். 2010-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியான ஆய்வில், இரண்டு நாள் வயதைச் சற்றே கடந்த காடைக் கருவின் இதயம், விட்டுவிட்டுப் பாய்ச்சப்பட்ட அகச்சிவப்பு லேசரின் வேகத்துக்கு இணங்கித் துடித்தது. பாசியும் இல்லை, மரபணுவும் இல்லை. இதற்கு அவருடைய விடை என்ன?

பாசிநேயன்:
விடை ஒரே சொல்தான்: வெப்பம். அந்த லேசரின் அலைநீளம் 1.875 மைக்ரோமீட்டர். அதை உறிஞ்சுவது இதயத்தசையில் உள்ள நிறமி அன்று, தண்ணீர். தண்ணீர் சூடாகிறது, சூட்டினால் செல் தூண்டப்படுகிறது. நான் பேசியது ஒளியைப் பற்றி. பச்சைப்பாசியிலிருந்து எடுத்த சேனல்ரோடாப்சின்-2 என்னும் புரதம் 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டதும் வாயில் திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடுகிறது. அங்கே ஒளி ஒளியாகவே வேலை செய்கிறது. ஜெர்மனியின் பான் நகரத்து ஆய்வாளர்கள் அதே 2010-இல் அந்தப் புரதத்தைத் தாங்கிய எலிகளின் இதயத்தை நீல ஒளியால் துடிக்க வைத்தார்கள். காடைக்கு நடந்தது ஒத்தடம்.

நிறமாலை:
ஒத்தடம் கொடுத்தால் எந்த இதயமாவது அடிக்கு ஒரு துடிப்பாக இணங்குமா? கருவை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் துடிப்பு மெல்லக் கூடும், அவ்வளவுதான். லேசர் நின்றால் இதயம் தன் பழைய வேகத்துக்குத் திரும்பியது என்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். அகச்சிவப்பும் ஒளிதான், பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

பாசிநேயன்:
அடுப்பிலிருந்தும் அகச்சிவப்பு வருகிறது. அடுப்பை விளக்கு என்று யாரும் சொல்வதில்லை. 2012-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, விட்டுவிட்டுப் பாயும் அகச்சிவப்புக் கதிர் செல்களை எப்படித் தூண்டுகிறது என்பதைத் தெளிவாக்கியது: தண்ணீர் சட்டென்று சூடாவதால் செல்சவ்வின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், மாறுகிறது, அதனால் மின்னோட்டம் எழுகிறது. சூடாவதால், நண்பரே, சூடாவதால்.

நிறமாலை:
"சட்டென்று" என்ற சொல்லையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என் வாதம். எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு விரைவாகச் சூடாகிறது என்பதே அங்கே முக்கியம், அந்த விரைவைத் தருவது லேசர்.

வரிமீன்:
இருவரும் காடையின் மேலேயே நிற்கிறீர்கள். காடை ஆய்வு வந்த அதே 2010-இல் சயன்ஸ் இதழில் வந்த வரிக்குதிரை மீன் ஆய்வைத் தொடவே இல்லையே? ஒளி பட்டதும் செல்லின் தூண்டலை அடக்கும் ஹாலோரோடாப்சின் என்னும் புரதத்தைத் தாங்கிய மீன்குஞ்சின் இதயத்தில் ஒளியைச் சிறுசிறு இடமாகப் பாய்ச்சிப் பார்த்து, எந்த இடத்தில் பட்டால் இதயம் முழுவதும் நிற்கிறது என்று தேடியே துடிப்பைத் தொடங்கும் செல்களின் இருப்பிடத்தைக் கண்டறிந்தார்கள். துடிக்க வைப்பதைவிட நிறுத்திப் பார்ப்பதில்தான் இங்கே அறிவு கிடைத்தது.

பாசிநேயன்:
நன்று, வரிமீன். அதிலும் புரதம் வேண்டியிருந்ததைக் கவனிக்கவும். என் கூற்று நிலைத்தது.

வரிமீன்:
உங்கள் கூற்றுக்குச் சான்று சொல்ல நான் வரவில்லை. சென்ற ஆண்டு, ஒளியுணர் புரதத்தின் மரபணுவைச் செல்லில் புகுத்தி ஒளியால் ஆளும் இந்த முறைக்கு வழங்கும் "ஒளிமரபியல்" என்ற சொல்லே பிழை, அதில் மரபுரிமை எங்கே இருக்கிறது என்று பதினெட்டுப் பதிவுகள் எழுதி என்னைக் களைப்பாக்கியவர் நீங்கள். அன்று என் மறுமொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்று மட்டும் நான் நன்றாகிவிட்டேனா?

பாசிநேயன்:
அந்தச் சொல் இன்றும் பிழைதான். வளர்ந்த எலியின் இதயத்துக்குள் நச்சுயிரி வழியாக மரபணுவைச் செலுத்தினால் அது குட்டிகளுக்குப் போவதில்லை. பிறகு என்ன மரபியல்?

நிறமாலை:
மரபணுவைப் பற்றிய இயல் என்று ஏன் கொள்ளக் கூடாது? இருக்கட்டும், பேச்சைத் திருப்ப வேண்டாம். காடைக்கு வருவோம்.

எட்டாம்விரல்:
இத்தனை பேர் படித்தவர்கள், ஒருவரும் 2023-இல் நேச்சரில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வைச் சொல்லவில்லை. சுண்டெலிக்குச் சிறு விளக்குப் பொருத்திய மேலாடை அணிவித்து, மார்பைத் திறக்காமல், தோலுக்கு வெளியிலிருந்தே, நிமிடத்துக்கு 660 அளவிலிருந்த துடிப்பை 900-க்கு உயர்த்தினார்கள். ஆபத்தான சூழலில் அந்த எலிகள் கூடுதல் அச்சத்தோடு நடந்துகொண்டன. ஒளியா வெப்பமா என்பதைவிட, இதயம் விரைந்தால் மனம் அஞ்சுகிறதா என்பது பெரிய கேள்வி இல்லையா?

பாசிநேயன்:
பெரிய கேள்விதான், ஆனால் இந்த இழையின் கேள்வி அதுவன்று. அந்த எலிகளின் இதயத்திலும் கார்மைன் (ChRmine) என்னும் ஒளியுணர் புரதம் இருந்தது. தோலைக் கடந்து செல்லக்கூடிய நீண்ட அலைநீள ஒளிக்கு அது இணங்குவதால்தான் மேலாடை போதுமானதாயிற்று. நீல ஒளி அவ்வளவு ஆழம் செல்வதில்லை. இப்போது நிறமாலை ஐயா, ஒரே ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை தாருங்கள்: காடைக் கருவில் உறிஞ்சியது தண்ணீரா, இல்லையா?

நிறமாலை:
தண்ணீர்தான். உறிஞ்சப்பட்டது என்ன?

பாசிநேயன்:
உறிஞ்சப்பட்டபின் அது வெப்பம்.

நிறமாலை:
உறிஞ்சப்படுவதற்கு முன்? உங்கள் பாசிப் புரதத்திலும் ரெட்டினால் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி வடிவம் மாறுகிறது, அதன் பிறகு அங்கேயும் ஒளி இல்லை, அயனி ஓட்டம்தான் இருக்கிறது. அப்படியானால் அதை "அயனியால் துடித்த இதயம்" என்றல்லவா நீங்கள் எழுதியிருக்க வேண்டும்?

பாசிநேயன்:
வடிவம் மாறுவதும் சூடாவதும் ஒன்றா? ஒரு பூட்டைச் சாவியால் திறப்பதும் கதவைக் கொளுத்தி உள்ளே போவதும் ஒன்று என்கிறீர்கள்.

எட்டாம்விரல்:
கொளுத்தியிருந்தால் கரு செத்திருக்கும். அந்த ஆய்வில் கதிரின் ஆற்றலை, சேதம் நேரும் அளவுக்குக் கீழேயே வைத்துத்தான் துடிக்க வைத்தார்கள்.

பாசிநேயன்:
உவமையைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களுக்கு நான் விடை சொல்வதில்லை. நான்காம் முறையாக எழுதுகிறேன்: தண்ணீர், சூடு, சவ்வு. இதில் ஒளிக்குரிய வேலை எது?

வரிமீன்:
நான்காம் முறை அன்று, ஐந்தாம் முறை. பதிவுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நிறமாலை:
லேசரை அணைத்துவிட்டு அதே தாளத்தில் வெந்நீரைச் சொட்டி ஒரு காடை இதயத்தைத் துடிக்க வைத்துக் காட்டுங்கள்; அன்று உங்கள் "வெப்பம்" என்ற சொல்லுக்கு நானே மாலை போடுகிறேன்.

பாசிநேயன்:
மாலையை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். வரிமீன், நீங்கள் எண்ணியதில் மேற்கோளாக வந்ததையும் சேர்த்துவிட்டீர்கள். நான்குதான்.