'எலும்புக் கைரேகை'க்கு மாற்றாக ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வில் கிடைக்கும் எலும்புத் துணுக்கு எந்த விலங்கினுடையது என்று அதிலுள்ள புரதத்தை வைத்துக் கண்டறியும் முறைக்கு 'எலும்புக் கைரேகை' என்ற கலைச்சொல்லை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைரேகை ஆளைக் காட்டுவது. இந்த முறை ஆளைக் காட்டாது. இன்ன இனம் என்று சொல்லும், பல நேரம் பேரினத்தோடு நின்றுவிடும்.

துணுக்கிலிருந்து துளி தூள் எடுத்து, அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியைச் சேர்க்கிறார்கள். அது கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களை அடுத்தே வெட்டும். கிடைக்கும் புரதத் துண்டுகளின் (பெப்டைடுகளின்) நிறையை நிறமாலைமானி அளந்து முகடுகளாக வரைந்து தரும். செம்மறியா வெள்ளாடா என்று முழு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே வல்லுநர்கள் திணறுவதுண்டு. இங்கே செம்மறிக்கு நிறை அளவில் 3033இல் எழும் முகடு வெள்ளாட்டுக்கு 3093இல் எழும்.

சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2000க்கும் மேற்பட்ட துணுக்குகளை இப்படிச் சோதித்தார்கள். இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துணுக்கு மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கொலாஜன் சொன்னது அவ்வளவுதான். நியாண்டர்தால், டெனிசோவன் என்பவை அழிந்துபோன இரு மனித வகைகள்; நியாண்டர்தால் தாய்க்கும் டெனிசோவன் தந்தைக்கும் பிறந்த பெண்ணின் எலும்பு அது என்பது மரபணு ஆய்வில் வெளிவந்தது, 2018இல். கைரேகை என்று பெயரிட்டால் படிப்பவர் இந்த முறையையும் மரபணு ஆய்வையும் ஒன்றாக்கிவிடுவார்.

என் பரிந்துரை 'கொலாஜன் நிறைத்தடம்'. மணலில் தடம் பார்த்து மான் போயிருக்கிறது என்போம், எந்த மான் என்று சொல்ல மாட்டோம். இந்த முறையின் எல்லையும் அதுவே.

ஒரு சிக்கல் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் எடை. நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பார்கள். தமிழ்நாட்டு வழக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை. 'திணிவுத்தடம்' என்பதையும் இணைச்சொல்லாகப் பதிவோம். 'நிறைந்த தடம்' என்ற மயக்கமும் அதில் வராது.

அப்புறம், கிடைத்த எலும்புகளை எண்ணுவதற்கான சொற்கள். வெறுமனே 'எலும்பு எண்ணிக்கை' என்றால் போதாது. ஒரே தொடையெலும்பு பத்தாக உடைந்து, பத்தும் அடையாளம் தெரிந்தால் கணக்கில் பத்து. அதற்கு 'இனங்கண்ட துண்டெண்ணிக்கை' பொருந்தும். ஒரே இனத்தின் இரண்டு இடது தொடையெலும்புகள் கிடைத்தால் விலங்கு இரண்டாவது இருந்திருக்கும் என்ற கணக்குக்குக் 'குறைந்தபட்ச விலங்கெண்ணிக்கை' எனலாம். ஈழத்து நண்பர்கள் திணிவுத்தடம் பற்றிச் சொல்லுங்கள்.