புதுப்பிப்பு: மண்கரையின் அடியில் கசிவு, காரணம் கிடைத்துவிட்டது

படகு விடவும் நீந்தவும் வைத்திருக்கும் எங்கள் சின்ன ஏரியின் மண்கரைக்குப் பின்புறம், அடிவாரத்தில் தண்ணீர் கசிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கரைமேல் நிற்கும் மரத்தின் வேர்தான் காரணம் என்று அடம்பிடித்தேன். தப்பு. ‘வடிகுழாய் ஓரம் சாயம் ஊற்றிப் பாருங்கள்’ என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. ஏரி நீரை வெளியே விட கரைக்குள் போகும் குழாய்தான் அது. நீர்ப்பக்கம் அதன் வாயருகே பச்சைச் சாயம் ஊற்றினோம். 40 நிமிடத்தில் பின்புறம், குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே பச்சையாக எட்டிப்பார்த்தது. அந்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து இரவு வைத்தேன். காலையில் அடியில் நகக் கனத்துக்கு வண்டல். தெளிந்த கசிவென்றால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளே அரிபடுகிறது. அன்றே பொறியாளரைக் கூப்பிட்டோம்.

அவர் பின்புறத் துளையை அடைக்க விடவில்லை. அடைத்தால் நீர் வேறு வழி தேடுமாம். கசிவின் மேல் பருமணல், அதன்மேல் ஜல்லி. நீர் வரட்டும், மண் மட்டும் நிற்கட்டும் என்றார். அப்புறம் ஏரி நீரை இறக்கி, புதுக் குழாய் பதித்து, சுற்றிலும் மணல் வடிகட்டி வைத்தார். இப்போது வரும் சொட்டு தெளிவாக இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. பம்பு வைத்து அவசரமாக இறைத்ததில் நீர்ப்பக்கச் சரிவில் நீள விரிசல் விழுந்தது. கரை மண் ஊறிக் கனத்திருக்க, வெளியே தாங்கி நின்ற தண்ணீர் சட்டென்று போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

மரத்தையும் வேரோடு எடுத்து, குழியில் மண் போட்டு இடித்தாயிற்று. வெறுமனே வெட்டிவிட்டால் வேர் மக்கி, அதுவே நீருக்கு வழியாகிவிடும்.