நன்னீர்த் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றுவது: புதுப்பிப்பு

கப்பி மீன் வளர்த்த தொட்டியில் கடல்நீர் விடப்போகிறேன், பழைய ஃபில்டர் பஞ்சை வைத்துக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்கள் சொன்னதே சரி. பஞ்சில் குடியிருந்து மீன் கழிவைச் சிதைக்கும் நன்னீர் பாக்டீரியா கடல்நீரின் உப்பைப் பெரும்பாலும் தாங்காது. சைக்ளிங்கை, அதாவது மீன் விடுமுன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பதை, முதலிலிருந்தே தொடங்கினேன். ஆர்.ஓ. நீரில் கடல் உப்பைக் கலக்கி, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கும் கருவி) ஒப்படர்த்தி 1.025 வந்த பிறகுதான் ஊற்றினேன்.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் இப்போது பூஜ்யம். மணல்மேல் பழுப்பாகப் படர்ந்திருப்பது டையட்டம் பாசி, புதுத் தொட்டியில் வருவதுதான். ஆவியாகும் அளவுக்கு வெறும் ஆர்.ஓ. நீர் மட்டும் சேர்க்கிறேன், உப்பு ஆவியாகாதே!

ராமேஸ்வரம் பக்கம் பவளப் பாறை கிடைக்கும் என்றார் ஒருவர். தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள். கடினப் பவளங்களுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நான் வைத்திருப்பது செயற்கைப் பாறை. அடுத்து ஒரு ஜோடி கோமாளி மீன், அதுவும் பண்ணையில் பொரித்ததுதான்.