மறு: மறு: 'கான்வர்சேஷன் பீஸ்' – தமிழில்?

வணக்கம். ஐரோப்பிய ஓவிய வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பற்றிய அத்தியாயம் முழுக்க 'கான்வர்சேஷன் பீஸ்'. வீட்டுக்கூடத்திலோ தோட்டத்திலோ குடும்பமே கூடியிருக்கும் சிறிய ஓவியம். ஹோகார்த், ஆர்தர் டெவிஸ், ஸொஃபனி வரைந்த வகை. 'உரையாடல் ஓவியம்' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'யார் பேசுகிறார்கள்?' என்று எழுதிவிட்டார். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும்.
– மீ.

நியாயமான கேள்விதான். டெவிஸ் படங்களில் வாயைத் திறப்பவரே குறைவு. பொம்மை மாதிரி நிற்பார்கள். அக்கால ஆங்கிலத்தில் 'கான்வர்சேஷன்' என்ற சொல்லுக்குக் கூடிப் பழகுதல் என்றும் பொருள். நமக்குத்தான் அச்சாக ஒன்று இருக்கிறதே: 'அளவளா வில்லாதான் வாழ்க்கை' – குறள் 523. அதிகாரம் சுற்றந்தழால், அதாவது உறவினரை அணைத்துக்கொள்ளுதல்! ஆகவே அளவளாவல் ஓவியம். முடிந்தது.
– செ.

முடியவில்லை ஐயா. என் மாணவர்கள் அளவெடுத்து வரைந்த படம் என்பார்கள். நான் வகுப்பில் 'குடும்பப் படம்' என்றே சொல்கிறேன். ஹோகார்த்தின் கிரஹாம் குழந்தைகள் படத்தை (1742) திரையில் போட்டால், கூண்டுக்குருவியை முறைக்கும் பூனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இடது ஓரத்துக் கைக்குழந்தை படம் முடியும்போது உயிரோடு இல்லை என்றதும் சத்தமே வராது.
– வ.

அம்மா, அளவு இல்லை, அளாவு! 'மக்கள் சிறுகை அளாவிய கூழ்' – குறள் 64. அளாவினால் கலக்கும், கலந்தால் உறவு. குழவு, குலவு, அளாவு எல்லாம் ஒரே வேராக இருக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஐயம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
– செ.

தனி மடலிலேயே இருக்கட்டும். 'கூடல் ஓவியம்' ஆகாதா?
– கு.

ஆகாது. கல்லூரியில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.
– வ.

மதுரைக்காரன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன்.
– பா.

வெள்ளி மாலை ஆகிவிட்டது. தனி மடலில் நான்கு பேர் சொன்னபடி 'குடும்பக் குழு ஓவியம்' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பும் இருக்கும். அனைவருக்கும் நன்றி.
– மீ.

அனுப்புங்கள். ஆனால் ஹார்வி பிரபு நண்பர்களோடு நிற்கும் ஹோகார்த் படமும் இதே வகைதான். அங்கே குடும்பம் எங்கே இருக்கிறது?
– செ.