சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி: நீங்கள் கண்டதைப் போடுங்கோ

சோளகம்:
முல்லைத்தீவுப் பக்கம் நடந்த 9 பேர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. நடத்தின கழகமே இறுதிக்கு வந்திட்டுது, அதுவும் தங்கட மைதானத்தில. 1-1 சமநிலை. சமநிலை தவிர்ப்பு உதைக்கு மத்தியஸ்தர் காசு சுண்டாமலே மேடைப் பக்கக் கம்பத்தைக் காட்டினார். அந்தக் கம்பத்துக்குப் பின்னால நிண்டது முழுக்க ஊர்ச்சனம், வலையைப் பிடிச்சு ஆட்டுது. அதைக்கூட விடுவம். பெனால்டிப் புள்ளி தேஞ்சு ஒரு சிரட்டையளவு குழி. எதிரணியின்ர 4ஆவது ஆள் பந்தை வைக்க வைக்க அது வலப்பக்கம் சரியுது. மூண்டு தரம் வைச்சான். ஊர்ப் பெடியள் ஒவ்வொருத்தனும் வைக்க முதல் குதிக்காலால மண்ணைத் தள்ளி அமத்திப்போட்டுத்தான் வைச்சவங்கள், அவங்களுக்கு அந்தக் குழி பழக்கம். 4ஆவது ஆளின்ர பந்து கம்பத்துக்கு மேலால போச்சு, கோப்பையும் போச்சு. நடத்திற கழகம் தன்ர மைதானத்திலயே இறுதி விளையாடலாமோ எண்டதுதான் கேள்வி.

விசில்:
விளையாடலாம். ஆட்டச் சட்டம் 17இலும் "சொந்த மைதானம்" எண்ட தடை கிடையாது. இடத்தை முடிவு செய்யிறது போட்டி விதி, ஆட்டச் சட்டமில்லை. நீங்கள் சொன்ன ஆட்டத்தில பிழைச்சது மைதானமில்லை, மத்தியஸ்தர். சமநிலை தவிர்ப்பு உதைக்கு இரண்டு தரம் காசு சுண்டோணும். முதல் சுண்டினது எந்தக் கம்பம் எண்டதுக்கு. இரண்டாவதில வெண்டவர் தான் முதல் உதைக்கிறதோ பிறகு உதைக்கிறதோ எண்டு தெரிவு செய்வார். காசு சுண்டாமல் மத்தியஸ்தர் தானாக் கம்பம் காட்டலாம், ஆனால் அதுக்குக் காரணம் வேணும்: பாதுகாப்பு, தரையின்ர நிலை மாதிரி. மேடை கிட்ட இருக்குது, விருந்தினருக்கு வடிவாத் தெரியும் எண்டது காரணமில்லை. குழியைக் காட்டி எதிரணித் தலைவர் மற்றக் கம்பத்தைக் கேட்டிருக்கலாம், அதுவும் உதைக்கத் தொடங்க முன்னம். தொடங்கினாப் பிறகு பாதுகாப்புக்காக, இல்லாட்டி அந்தக் கம்பமோ தரையோ பாவிக்க ஏலாமல் போனால்தான் மாத்தலாம்.

புள்ளியைத் தள்ளியும் வைக்க ஏலாது. முழு ஆட்டத்தில இரண்டு கம்பத்துக்கும் நடுவிலயிருந்து 11 மீற்றர், அது நிலையான அளவு. 9 பேருக்கு உங்கட விதியில எழுதின தூரம். அதால குழியை நிரப்பிறதைத் தவிர வழியில்லை. புத்துமண் 2 பங்கு, மணல் 1 பங்கு. குழியின்ர அடியைக் கிளறி, தண்ணி தெளிச்சு, 5 சென்ரிமீற்றர் படையாப் போட்டு இடிக்கோணும். போட்டிக்கு 3 நாளுக்கு முன்னமே செய்யோணும், காலமை நிரப்பிப்போட்டுப் பின்னேரம் விளையாடினால் முதல் உதையோட பேந்துபோம். கிரவல் போடாதேங்கோ, விழுந்து எழும்பிற கோல்காப்பாளரின்ர முழங்கையைப் பாத்தால் ஏனெண்டு தெரியும்.

மன்னார்க்கரை:
விசில் அண்ணை சட்டம் சொல்லிட்டார், நான் ஆட்டத்தைச் சொல்லுறன். சொந்த மண் எண்டால் கோப்பை கையில எண்டு எழுதுற ஆக்கள் 2012 மே 19ஐ ஒருக்காப் பாக்கோணும். சம்பியன்ஸ் லீக் இறுதி, பயேர்ன் மியூனிக்கின்ர சொந்த அரங்கு, எதிரணி செல்சி. அந்த இடத்தை 2009இலயே தீர்மானிச்சாச்சு, பயேர்ன் வருமெண்டு அப்ப ஆருக்கும் தெரியாது. 83ஆவது நிமிசம் முல்லர் கோல். பயேர்னுக்கு 20 மூலை உதை கிடைச்சுது, செல்சிக்கு ஒண்டே ஒண்டு. அந்த ஒண்டில 88ஆவது நிமிசம் ட்ரொக்பா தலையால போட்டார். மேலதிக நேரத்தில பயேர்னின்ர றொபன் அடிச்ச பெனால்டியைச் செல்சிக் கோல்காப்பாளர் செக் பிடிச்சார். கடைசியில சமநிலை தவிர்ப்பு உதையில 4-3 செல்சி.

சம்பியன்ஸ் லீக்குக்குப் பழைய பெயர் ஐரோப்பியக் கிண்ணம். அந்த இறுதியைத் தன்ர அரங்கில விளையாடின அணிகள் நாலு. 1957 றியல் மட்றிட், பியோரென்ரினாவை 2-0 வெண்டது. 1965 இன்ரர் மிலான், பென்பிக்காவை 1-0 வெண்டது. 1984 றோமா, லிவர்பூலிட்டப் பெனால்டியில தோத்தது. பிறகு பயேர்ன். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. 1950இல மரக்கானா நிறையச் சனத்துக்கு முன்னால பிரேசில் உலகக் கிண்ண இறுதியில உருகுவேயிட்ட 2-1 தோத்தது ஊருக்கே தெரியும்.

அக்கராயன்:
1950இல இறுதிப் போட்டி எண்டு ஒண்டு இல்லை. நாலு அணி கடைசிச் சுற்று, புள்ளிக் கணக்கு. சமநிலை எடுத்தாலே பிரேசிலுக்குக் கிண்ணம். அதுதான் வேதனை.

பரந்தன் வடக்கு:
மியூனிக்கில தெற்கிலயிருந்து வாற சோளகக் காத்தோ அடிக்குது? கூரை போட்ட அரங்கையும் எங்கட வெளியையும் ஒண்டாக் கதைக்காதேங்கோ. இஞ்ச சொந்த அணிக்குக் கிடைக்கிற லாபம் சனத்தின்ர சத்தமில்லை, வெயிலும் காத்தும்.

கிளிநொச்சிப் பக்கம் பாத்த ஒரு இறுதியைச் சொல்லுறன். மைதானம் கிழக்கு மேற்கா வெட்டினது. 4 மணிக்குத் தொடக்கம் எண்டு போட்டாலும் பேச்சு, மாலை, அறிமுகம் எண்டு 4.45 ஆச்சு. நடத்தின அணி காசு சுண்டலில வெண்டு, முதற்பாதியில கிழக்குக் கம்பத்தை எடுத்துது. வந்த அணி பந்து தொடக்கம் கிடைச்ச சந்தோசத்தில ஒண்டையும் யோசிக்கேல்லை. பிற்பாதிக்குக் கம்பம் மாறேக்க வந்த அணியின்ர கோல்காப்பாளர் மேற்கு பாத்து நிக்கிறார், சூரியன் மேடைக் கூரைக்குச் சரியா மேல. உயரமா வந்த ஒரு பந்துக்கு இரண்டு கையையும் கண்ணுக்கு நேரே தூக்கினார். பந்து அவருக்குப் பின்னால குத்தி உள்ள போச்சு. அவர் பிடிக்கத் தெரியாத ஆளில்லை, பந்தே தெரியேல்லை.

போற அணிகளுக்கு இதைத்தான் சொல்லுவன். போன உடன திசை பாருங்கோ. 2019இல இருந்து காசு சுண்டலில வெண்டவர் கம்பத்தையும் எடுக்கலாம், பந்து தொடக்கத்தையும் எடுக்கலாம். கிழக்கு மேற்கு மைதானமெண்டால் கம்பத்தை எடுங்கோ, வெயில் உயர நிக்கிற முதற்பாதியிலயே கிழக்குக் கம்பத்தை முடிச்சுப்போடுங்கோ. வடக்கு தெற்கு மைதானமெண்டால் வெயில் பிரச்சினை இல்லை, காத்துத்தான். சோளகம் அடிக்கேக்க தெற்குக் கம்பத்தில நிண்டு வடக்கே அடிக்கிற அணிக்கு லாபம். இருட்டப் பாக்கக் காத்து பெரும்பாலும் தணியும், அதால முதற்பாதியிலயே காத்தை எடுக்கோணும். எதிர்க்காத்தில கோல்காப்பாளர் உயர உதைச்சால் பந்து நடுக்கோட்டிலயிருந்து திரும்பி வரும், ஆளிட்ட உருட்டி விடச் சொல்லுங்கோ.

கம்பத்தின்ர உயரத்தையும் நாடாவால அளவுங்கோ. சட்டப்படி அடிவிளிம்பு வரை 2.44 மீற்றர், அகலம் 7.32. கோல் வாயில் தேஞ்சு 10 சென்ரிமீற்றர் பள்ளமாக் கிடந்தால் உங்கட காப்பாளர் 2.54 மீற்றரைக் காக்கிறார். பழைய இரும்புக் குழாய்க் கம்பம் நடுவில தொய்ஞ்சும் இருக்கும், மூண்டு இடத்தில அளக்கோணும். பந்தின்ர காத்தும் அப்பிடித்தான். 0.6 தொடங்கி 1.1 வளிமண்டலம் வரை சரி. ஊர் அணி தங்களுக்குப் பழகின இறுக்கத்தில வைச்சிருக்கும். ஒரு பந்தையாவது நீங்கள் கொண்டு போய் மத்தியஸ்தரிட்டக் குடுங்கோ.

சோளகம்:
நான் கேட்டது விளையாடலாமோ எண்டு. காத்தும் வெயிலும் ஆர் கேட்டது?

மன்னார்க்கரை:
பரந்தன் அண்ணை, அது சொந்த மைதானத்தின்ர பிழையில்லை, பிந்தித் தொடங்கினதின்ர பிழை. பேச்சை இறுதிக்குப் பிறகு வைச்சிருந்தால் சூரியன் உயர நிண்டிருக்கும்.

நெடுங்கேணி:
அமெரிக்கன் உதைபந்தின்ர இறுதிப் போட்டியான சுப்பர் போலுக்கும் இதே கதைதான். இடத்தை வருசக்கணக்கில முன்னமே ஒதுக்கிறவை. 2021 பெப்ரவரியில தம்பா பே தன்ர அரங்கிலயே கன்சாஸ் சிற்றியை 31-9 வெண்டது, அப்பிடி நடந்தது அதுதான் முதல்தரம். அடுத்த வருசமே றாம்ஸ் தன்ர அரங்கில சின்சினாட்டியை 23-20 வெண்டது. பகிடி என்னெண்டால், தாளில சின்சினாட்டிதான் "சொந்த அணி". ஒரு வருசம் இந்தப் பக்கம், அடுத்த வருசம் அந்தப் பக்கம் எண்ட முறை. தன்ர வீட்டிலயே விருந்தாளியா விளையாடிக் கோப்பை எடுத்த அணி றாம்ஸ்.

விசில்:
எங்கட நடத்துநருக்கு உதில ஒரு பாடம் இருக்குது. இடத்தையும் இறுதி விதியையும் சீட்டுக் குலுக்க முன்னமே எழுதிக் குடுங்கோ. அரையிறுதி முடிஞ்சாப் பிறகு "நாங்கள் வந்திட்டம், மைதானத்தை மாத்துவமோ" எண்டு கதைக்க வெளிக்கிட்டால் ஆர் வெண்டாலும் சண்டை. நடத்துற கழகம் இறுதிக்கு வந்தால் மத்தியஸ்தரும் இரண்டு உதவி மத்தியஸ்தரும் வெளியிடத்து ஆக்களா இருக்கோணும். நேரம் பாக்கிறவரும் அப்பிடித்தான், அதை எல்லாரும் மறக்கிறவை. வெளிச்சம் போய் ஆட்டம் நிண்டால் என்ன செய்யிறது எண்டும் எழுதுங்கோ. எழுதாட்டில் சட்டப்படி முழு ஆட்டத்தையும் திரும்ப விளையாடோணும்.

கோடு போடேக்க முனையை 3, 4, 5 மீற்றர் பக்கமுள்ள முக்கோணமாக் கயிறு பிடிச்சுச் சதுரம் பாருங்கோ. பிறகு மூலைவிட்டம் இரண்டும் ஒண்டா எண்டு பாருங்கோ. 80க்கு 50 மைதானமெண்டால் 94.34 மீற்றர் வரோணும். இரண்டும் சரியெண்டால் "ஊர்ப் பக்கம் சின்னக் கட்டம்" எண்ட கதை எழும்பாது. சுட்ட சுண்ணாம்பு போடாதேங்கோ, விழுந்தவனின்ர தோல் வேகும். கம்பத்துக்குப் பின்னால 3 மீற்றர் தள்ளிக் கயிறு கட்டினால் வலையைப் பிடிக்க ஆரும் வர ஏலாது. வலையின்ர அடியையும் முளை அடிச்சு இறுக்குங்கோ, கீழால போன பந்துக்கு கோலோ இல்லையோ எண்டு அரைமணித்தியாலம் சண்டை பிடிச்சதெல்லாம் நடந்திருக்குது.

அக்கராயன்:
3 மீற்றருக்கு எங்க போறது? எங்கட மைதானத்தில ஒரு பக்கக் கம்பத்துக்குப் பின்னால 2 மீற்றரில வாய்க்கால்.

விசில்:
அப்ப சனம் நிக்க ஏலாத கம்பம் அதுதான். மற்றக் கம்பத்தடியில சனம் கயிறைத் தாண்டி வந்திட்டுது எண்டால், பாதுகாப்புக் காரணம் சொல்லி மத்தியஸ்தர் வாய்க்கால் பக்கக் கம்பத்தையே எடுக்கலாம். பந்து எடுக்க நீந்தத் தெரிஞ்ச இரண்டு பெடியளை மட்டும் நிப்பாட்டுங்கோ.