போர்வெல் தண்ணீரில் வந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?

அல்சூர் டியூஷன் மிஸ்:
வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் மர்பி டவுனில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் எங்கள் சந்துக்கு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்க ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்களுடையது கொஞ்ச நேரத்தில் செங்காவியாகக் கலங்கி, மேலே கசடு மிதந்தது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீங்க" என்றார். எதிர்வீட்டு அக்கா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

ஏழாவது படிக்கும் பையன் மட்டும், "மிஸ், அழுக்கு தண்ணியிலேர்ந்து வந்துச்சா, கம்பியிலேர்ந்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை ஆராய்ச்சிக்கூடங்கள் உள்ள ஊர் இது. எங்கள் சந்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒருவர் கிடைப்பாரா?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. கம்பியிலிருந்துதான். அதில் இரும்பு இருக்கிறது. போர் தண்ணீரில் உப்புகள் உண்டு, அதனால் மின்சாரம் பாயும். இரும்பு கரைந்து துருவாகக் கலங்கும். அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கும்; அதில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் கலங்கும். 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு இரும்பு ஆணியும் போதும், பிள்ளைகளே செய்யலாம். வீட்டு கரண்ட் வேண்டவே வேண்டாம்.

யஷ்வந்த்பூர் ஆய்வு மாணவி:
சார் சொன்னது சரி. ஆனால் இதை வைத்து போர் தண்ணீர் நல்லது என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் அதன் வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு எதையும் மீட்டர் தனியாகச் சொல்லாது, லேப் டெஸ்ட் வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

நான் திருநெல்வேலிப் பொண்ணுதான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரட்டும். நான் பேசுவதைவிட அவர்கள் அளந்து நோட்டில் எழுதுவதுதான் முக்கியம்.

அல்சூர் டியூஷன் மிஸ்:
கண்டிப்பாக வாங்கம்மா, 4 மணிக்கு. ஆணியும் பேட்டரியும் வாங்கிவிட்டேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் ஒரு பாட்டிலோடு வருகிறார்.