தாத்தா எடுத்த நெகட்டிவ்கள்: காப்பது எப்படி, பெயர்களை மீட்பது எப்படி, பங்கு பிரிக்கலாமா?

கொடிக்கால் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானுக்கு அருகே உள்ள எங்கள் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, அம்மாவின் அப்பா எடுத்த நெகட்டிவ்கள் ஒரு தகரப்பெட்டி நிறையக் கிடைத்தன. கொஞ்சம் அச்சுப் படங்களும் இருக்கின்றன. தாத்தா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். புகைப்படம் அவருடைய தொழில் அல்ல. அவரிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்றுதான். ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு எடுத்துக்கொள்ளும் படங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இவர் எடுத்தவையோ வீட்டின் அன்றாடம். அம்மாச்சி கொடிக்காலில் குத்தவைத்து வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்குகிறார். சித்தி களத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவுகிறார். கருப்பசாமி கோயில் காதுகுத்துப் படம் ஒன்றில், மாமா மடியில் குழந்தை வீறிட்டு அழ, ஆசாரி குனிந்திருக்க, வலது ஓரத்தில் வெல்லத்தை நீட்டும் ஒரு பெண்ணின் கை மட்டும், நெளிவளையல்களோடு, தெரிகிறது. அது யாருடைய கை என்று வீட்டில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சில நெகட்டிவ்களில் புளித்த வாடை வருகிறது. இவற்றை எப்படிக் காப்பது? படத்தில் இருப்பவர்களையும் ஆண்டுகளையும் எப்படிக் கண்டறிவது? பெரிய மாமாவும் சித்திகளும் பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

இருட்டறை:

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பிலிம் கழுவியவன் என்ற முறையில், முதலில் அந்த வாடையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அவசரமானது அதுதான். அது அசிட்டிக் அமிலத்தின் வாடை. பழைய பிலிமின் அடித்தளமான அசிட்டேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது இந்த அமிலம் வெளியாகிறது. வெளியான அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் அது தாக்குகிறது. ஆகவே வாடை வருபவற்றை இன்றைக்கே தனியாகப் பிரித்து வையுங்கள். நெகட்டிவ்களைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், அமிலமில்லாத காகித உறையில், காற்று வெளியேறும்படி போடுங்கள். கட்டியிருக்கும் ரப்பர் பேண்டை அகற்றிவிடுங்கள். அதிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியைக் கெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே மறுபடியும் ஏற்றிவிடாதீர்கள். பூஞ்சை தெரிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, படம் இருக்கும் ஜெலட்டின் படலம் கரைந்து வந்துவிடும்.

அடுத்தது ஸ்கேன் செய்யும் வரிசை. பலர் ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். வாடை வரும் நெகட்டிவ்கள் முதலில், 1970களுக்குப் பிந்தைய வண்ணப் படங்கள் அடுத்து, கறுப்பு வெள்ளை அச்சுகள் கடைசியில். வண்ணப் படங்களின் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். நீலச்சாயம் முந்திப் போவதால்தான் பழைய கல்யாணப் படங்கள் சிவந்து கிடக்கின்றன. நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை அச்சு நம் எல்லோரையும் விட அதிகக் காலம் இருக்கும்.

கிளிக் 3 கேமராவில் போடுவது ‘120’ என்ற அளவுப் பிலிம். ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மி.மீ. மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனரில் 2,400 டிபிஐ (அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள்) வைத்தால் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 5,300 புள்ளிகள் கிடைக்கும். அந்த நெளிவளையலின் வேலைப்பாடுகூடத் தெரிய வாய்ப்பு உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: வெட்டிய துண்டுகளைக் கலைக்காதீர்கள். ஓர் உறையில் இருக்கும் துண்டுகள் பெரும்பாலும் ஒரே சுருளைச் சேர்ந்தவை. 12 படங்களைச் சிக்கனமாக மாதக்கணக்கில் எடுத்த காலம் அது. காதுகுத்துக்கு முந்தைய படத்தில் அறுப்பு நடக்கிறதென்றால் பருவம் தெரிந்துவிடும்.

திருமங்கலத்தான்:

ஆண்டைக் கண்டுபிடிப்பதற்கு என் வழி படத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஸ்டுடியோ முத்திரையில் ‘மதுரை-1’ என்று மட்டும் இருக்கிறதா, 625001 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. பழைய ரப்பர் முத்திரையைப் பிறகும் பல கடைகள் பயன்படுத்தியிருக்கும் என்பதால், எண் இல்லாதது எதையும் நிரூபிக்காது. எண் இருந்தால் 1972க்குப் பிந்தையது என்பது உறுதி. தெருவில் எடுத்த படத்தில் ‘பாண்டியன்’ என்று எழுதிய அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து நின்றால் அது 1972க்கும் 1997க்கும் இடைப்பட்டது, அதற்கு முன் இங்கே ஓடியவை டி.வி.எஸ். வண்டிகள். நெகட்டிவின் ஓரத்தில் ‘இந்து’ (INDU) என்று அச்சாகியிருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடச் சிறந்த சான்று உங்கள் வீட்டு மொய் நோட்டு. காதுகுத்து நடந்திருந்தால் செய்முறை எழுதியிருப்பார்கள். நாள், ஊர், பெயர், தொகை எல்லாம் அதில் இருக்கும். வந்தவர் யார் என்பதைப் புகைப்படத்தை விட மொய் நோட்டு திருத்தமாகச் சொல்லும். படத்தையும் நோட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, இன்ன ஊர்க்காரர் இவர்தானா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

கொடிக்கால்:

மிக்க நன்றி. வாடை வந்தவற்றைப் பிரித்துவிட்டேன். மொய் நோட்டும் கிடைத்தது, ஆனால் தலைப்பில் ‘ஆனந்த வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது.

திருமங்கலத்தான்:

ஆனந்த வருஷம் 1974 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே அந்தக் காதுகுத்து 1974 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆனந்த 1914இல் வந்தது என்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

செல்லூர் அத்தை:

பங்கு பிரிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நெகட்டிவைப் பிரிக்கவே கூடாது, தம்பி. மாமாவும் சித்திகளும் கேட்பது ஆசையால்தான். அந்த ஆசையை மறுக்காதீர்கள். அச்சுப் போட்டு ஆளுக்கொரு முழு ஆல்பம் கொடுத்தால் எவருக்கும் குறை இருக்காது. பெட்டியை மட்டும் ஒரே வீட்டில் வையுங்கள். நாலு வீட்டுக்குப் போனால் இருட்டறை ஐயா சொன்ன சுருள் வரிசை போய்விடும், அதோடு அந்த வருடத்தின் கதையும் போய்விடும்.

மதுரையின் கோயிலையும் மகாலையும் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858இலேயே படமெடுத்துவிட்டார். ஸ்டுடியோப் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறது. கொடிக்காலில் ஒரு பெண் வெற்றிலை அடுக்குவதை யார் எடுத்தார்கள்? வீட்டு ஆள் ஒருவர் எடுத்தால்தான் உண்டு. அதனால் இதை உங்கள் குடும்பச் சொத்து என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பெயர் கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். ‘இது யார்?’ என்று கேட்டால் அம்மாச்சி ஒரு பெயரோடு நிறுத்திவிடுவார். ‘அன்றைக்கு யார் சமைத்தது, யார் கோபித்துக்கொண்டு போனது?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக நீளும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். வளையல் கையைக் குடும்பத்து ஆண்களிடம் காட்டிப் பயனில்லை. அம்மாச்சியின் வயதொத்த பெண்களிடம் பெரிதாக்கிக் காட்டுங்கள். யார் எந்த வளையல் போட்டிருந்தார், எப்போது அடகு போனது என்பதுவரை அவர்களுக்கு நினைவிருக்கும். இந்த ஆடிக்குள் கேட்டுவிடுங்கள், ஆவணி பிறந்தால் முகூர்த்தம் முகூர்த்தமாக எல்லோரும் அலைந்துகொண்டிருப்பார்கள்.